க்ராப் செய்த அஸ்தமனப் படமும் ஒட்டுப்போட்ட வானமும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். டிசம்பர் கடைசியில் குமரி மாவட்டம் முட்டம் கடற்கரையில், 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில், கிட் லென்ஸை 55 மில்லிமீட்டருக்கு இழுத்து வைத்து எடுத்த படம். ஐஎஸ்ஓ 200, ரா ஃபைல் (கேமரா சுருக்காமல் சேமித்த மூலக் கோப்பு) கையில் இருக்கிறது. முழுப் படத்தில் மேலே வெறும் வானம், வலது கீழே ஆள் கூட்டம். அதனால் வலது பக்கம் சூரியன், நடுவில் ஒரு வள்ளம், இடது ஓரத்தில் பாறை, இவ்வளவு மட்டும் நிற்கும்படி நீளத்திலும் உயரத்திலும் பாதியாக க்ராப் செய்திருக்கிறார், அதாவது ஓரங்களை வெட்டியிருக்கிறார் தம்பி. பிறகு லைட்ரூம் என்கிற படம் திருத்தும் மென்பொருளில் வானத்துக்கு ஒரு மாஸ்க் (திருத்தம் ஓர் இடத்தில் மட்டும் விழும்படி செய்யும் தேர்வு), கடலுக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று. "தனித்தனியா பார்த்தா நல்லாத்தான் இருக்கு அண்ணா, மூணும் சேர்ந்தா மூணு படத்தை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு. பாறை ஓரத்துல வெள்ளைக் கோடு. சூரியன் சாம்பல் தட்டு மாதிரி ஆயிடுச்சு. க்ராப் முதல்ல பண்ணணுமா, மாஸ்க் முதல்லயா? இதை 12×18 பிரிண்ட் போடலாமா?"

வரிசைக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். க்ராப்தான் முதலில். ஆனால் பின்னால் செய்தால் மாஸ்க் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். லைட்ரூமிலும், அதேபோன்ற இன்னொரு மென்பொருளான டார்க்டேபிளிலும் மாஸ்க் படத்தின் மேல் ஆணியடித்து வைத்த மாதிரி நிற்கும். சட்டத்தை நீங்கள் எப்படி நகர்த்தினாலும் அது அதே பாறையில், அதே அடிவானத்தில்தான் இருக்கும். முதலில் க்ராப் செய்யச் சொல்வதற்குக் காரணம் வேறு. எவ்வளவு இருட்டாக்க வேண்டும், எவ்வளவு வெளிச்சம் கூட்ட வேண்டும் என்பது எது சட்டத்துக்குள் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வெளியே போகப்போகிற வானத்தைப் பார்த்து முடிவெடுத்தால், அந்த முடிவு உள்ளே நிற்கும் வானத்துக்குப் பொருந்தாது.

இன்னொன்று, க்ராப் எடுக்கும்போதே அடிவானத்தை நேராக்கிவிடுங்கள். 3000 பிக்சல் அகலத்தில் 1 டிகிரி சாய்ந்தால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 52 பிக்சல் வித்தியாசம். கோணலான படத்தில் ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு நேர்க்கோட்டில் கிரேடியண்ட் (ஒரு பக்கம் முழு அளவில் தொடங்கி மறுபக்கம் மங்கி மறையும் மாஸ்க்) இழுத்துவிட்டு, அப்புறம் படத்தை நிமிர்த்தினால், படம் நேராகும், கிரேடியண்ட் கோணலாகிவிடும். உங்கள் வானத்தின் இடது பக்கம் கடலோரம் கொஞ்சம் கறுத்துத் தெரிகிறதே, அது இதனால்தான் என்று நினைக்கிறேன். அடிவானம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன உபாயம்: தண்ணீரில் சூரியன் போட்டிருக்கும் ஒளிப்பாதை ஏறக்குறைய சூரியனுக்கு நேர் கீழே, செங்குத்தாக இறங்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்து ஓடினால் கேமரா சாய்ந்திருக்கிறது.

லென்ஸ் ப்ரொஃபைல் (லென்ஸின் வளைவையும் ஓர இருட்டையும் சரிசெய்வது), நிறவிளிம்பு நீக்கம், சென்சார் தூசிப் புள்ளி, இந்த மூன்றையும் மாஸ்க்குக்கு முன்பே முடித்துவிடுங்கள். பாதிக்கு க்ராப் செய்த படத்தில் தூசிப் புள்ளியும் இரண்டு மடங்கு பெரிதாகத்தான் தெரியும். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால் டேலைட்டுக்கு மாற்றுங்கள், 5200 முதல் 5500 வரை. ஆட்டோவுக்குச் செவ்வானம் ஒரு நோய் மாதிரி, குணப்படுத்தப் பார்க்கும்.

இனி ஒட்டுப்போட்ட விஷயம். பைக் டேங்குக்கு ஸ்ப்ரே அடிப்பவர் சுற்றிலும் பேப்பர் வைத்து டேப் ஒட்டுவாரே, மாஸ்க் என்றால் அதுதான். அவருக்கு டேங்கின் விளிம்பில் பெயிண்ட் கச்சிதமாக நிற்க வேண்டும். நீங்களும் அப்படியே செய்திருக்கிறீர்கள். வானம் என்கிற பொருளுக்கு ஒரு டேப், கடல் என்கிற பொருளுக்கு ஒரு டேப், பாறைக்கு ஒரு டேப். ஆனால் அந்த இடத்தில் விழுந்த வெளிச்சத்துக்கு எது வானம், எது பாறை என்ற கணக்கே கிடையாது. சூரியனிடமிருந்து கிளம்பி, அதன் பக்கத்து வானத்தில் அதிகமாகவும், தள்ளியிருக்கும் வானத்தில் குறைவாகவும், அடிவானத்துத் தண்ணீரில் ஒரு மாதிரியும், காலடித் தண்ணீரில் வேறு மாதிரியும் விழுந்திருக்கிறது. அதனால் மாஸ்க்கைப் பொருளின் விளிம்பை வைத்துப் போடாமல் வெளிச்சம் போன வழியை வைத்துப் போடுங்கள். நான் இந்தப் பதிலில் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான்.

க்ராப் செய்த படத்தில் இது ஏன் இன்னும் முக்கியம் என்றால், வெளிச்சத்துக்கான காரணத்தில் பாதியை நீங்கள் வெட்டி வெளியே போட்டுவிட்டீர்கள். உங்கள் முழுப் படத்தைத் திரும்ப ஒரு முறை பாருங்கள். மேலே நீலமும் ஊதாவுமாக ஒரு வானம் இருந்தது. அது இப்போது இல்லை. ஆனால் படத்தின் கீழ்ப் பகுதிக் கடல் இன்னும் நீலமாக இருக்கிறது. ஏன்? தூரத்துத் தண்ணீர் அடிவானத்தை ஒட்டிய வானத்தைக் காட்டும், அது ஆரஞ்சு. நம் காலடிக்குப் பக்கத்துத் தண்ணீரை நாம் மேலிருந்து கீழாகப் பார்க்கிறோம், அலையும் நம் பக்கம் சரிந்திருக்கிறது, அதனால் அது உச்சி வானத்தைக் காட்டும், அது நீலம். அந்த நீலத்துக்குச் சொந்தக்கார வானம் சட்டத்துக்கு வெளியே போனதும், "இந்தத் தண்ணீர் மட்டும் ஏன் நிறம் மாறி நிற்கிறது" என்று உங்கள் கண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. உடனே கடல் மாஸ்க்கில் டெம்பரேச்சரை (நிறத்தை ஆரஞ்சுப் பக்கம் அல்லது நீலப் பக்கம் தள்ளும் ஸ்லைடரை) மேலிருந்து கீழ் வரை ஒரே அளவில் 30க்கு ஏற்றிவிட்டீர்கள். கடல் கடலாக இல்லாமல் ரஸ்னா ஊற்றின மாதிரி ஆனது அங்கேதான்.

அதைக் கலைத்துவிட்டு இப்படிப் போடுங்கள். கடலுக்குச் சூடு கூட்டுகிற கிரேடியண்ட் அடிவானத்தில் முழு அளவில் ஆரம்பித்து, கீழே வரவர மங்கிப் பூஜ்ஜியமாக வேண்டும். வள்ளத்தின் அடிப்பாகத்துக்குக் கொஞ்சம் கீழேயே அது முடிந்துவிடலாம். அளவு 10, 12 போதும். அதற்குக் கீழே தண்ணீர் நீலமாகவே இருக்கட்டும். அந்த நீலம் இருந்தால்தான் மேலே உள்ள ஆரஞ்சு ஆரஞ்சாகத் தெரியும்.

வெளிச்ச அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு. தண்ணீரில் தெரியும் வானம், வானத்தைவிட வெளிச்சமாக இருக்கவே முடியாது. விழுகிற ஒளியில் ஒரு பங்கைத்தான் தண்ணீர் திருப்பி அனுப்பும், மிச்சம் உள்ளே போய்விடும். நீங்கள் வானத்தை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) இருட்டாக்கி, கடலை அரை ஸ்டாப் ஏற்றியிருக்கிறீர்கள். இப்போது அடிவானத்துக்கு மேலே இருட்டு, கீழே வெளிச்சம். பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ தப்பு என்று தெரியும். ஒட்டுப்போட்ட உணர்வில் பாதி இந்த ஒரு காரணத்தால் வருகிறது. வானத்தை இறக்கினால் கடலையும் கூடவே கொஞ்சம் இறக்குங்கள். வானத்துக்கு மைனஸ் 0.5 என்றால் அடிவானத்துக் கடலுக்கு மைனஸ் 0.2, 0.3. சூரிய ஒளிப்பாதை மட்டும் இதற்கு விதிவிலக்கு, அது சூரியனையே காட்டுகிறது, அக்கம்பக்கத்து வானத்தைவிடப் பளிச்சென்று இருக்கலாம்.

அந்த ஒளிப்பாதைக்கு பிரஷ் எடுக்காதீர்கள். கையால் தடவினால் தார்ச்சாலை மாதிரி ஒரு பட்டை விழும். கடல் பகுதிக்கு ஒரு கிரேடியண்ட் போட்டு, அதோடு லூமினன்ஸ் ரேஞ்சை (வெளிச்ச அளவை வைத்துப் பிடிக்கும் மாஸ்க்கை) இன்டர்செக்ட் செய்யுங்கள், அதாவது இரண்டும் சேரும் இடம் மட்டும் நிற்கட்டும், மேல் 30 சதவீத வெளிச்சம் மட்டும் பிடிபடும்படி. ஒவ்வொரு அலையின் மினுக்கும் தனித்தனியாகப் பிடிபடும், இடையில் உள்ள இருட்டு தொடப்படாது. எக்ஸ்போஷர் பிளஸ் 0.3, டெம்பரேச்சர் 6. இவ்வளவுக்கே தண்ணீர் தகதகக்கும்.

இப்போது வெள்ளைக் கோடு. இது எப்படி வருகிறது என்று புரிந்துவிட்டால் மருந்தும் தானாகத் தெரிந்துவிடும். "வானத்தைத் தேர்ந்தெடு" பொத்தானை அமுக்கினீர்கள். மென்பொருள் வானத்தைப் பிடித்தது, ஆனால் பாறை விளிம்புக்கு இரண்டு மூன்று பிக்சல் முன்னாலேயே நின்றுவிட்டது. வானம் இருட்டானது, அந்த இரண்டு மூன்று பிக்சல் பழைய வெளிச்சத்திலேயே நின்றது. அதுதான் கோடு. அதற்கு மேல் பாறை மாஸ்க்கில் ஷேடோவை (இருண்ட பகுதிகளின் வெளிச்சத்தை) ஏற்றினீர்கள், அது விளிம்பைத் தாண்டி வானத்தில் கொஞ்சம் வழிந்து, கோட்டை இன்னும் தடிமனாக்கியது. முழுப் படத்தில் இது கண்ணில் படாது. பாதிக்கு க்ராப் செய்து பெரிதாக்கும்போது அதுவும் பெரிதாகிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பல வருடம் அஸ்தமனப் படங்களோடு மல்லுக்கட்டிய பிறகு எனக்கே உறைத்தது. இருட்டாக்கும் மாஸ்க் கறுப்புப் பொருளின் மேல் வழிந்தால் யாருக்கும் தெரியாது. வெளிச்சமாக்கும் மாஸ்க் வானத்தில் வழிந்தால் எல்லோருக்கும் தெரியும். பாறையும் வள்ளமும் கிட்டத்தட்ட நிழலுருவாகத்தானே நிற்கின்றன? கறுப்பை இன்னும் அரை ஸ்டாப் கறுப்பாக்கினால் என்ன குடிமுழுகிவிடும்? ஆகவே வானத்தை இறக்குவதற்கு, மென்பொருள் தானாகத் தேர்ந்தெடுக்கும் ஏஐ மாஸ்க்கே வேண்டாம். பழைய, சாதாரண லீனியர் கிரேடியண்ட். மேலிருந்து இழுத்து அடிவானத்தில் முடியுங்கள், பாறையின் மேலும் வள்ளத்துக் கொம்பின் மேலும் அது தாராளமாக வழியட்டும். விளிம்பைத் தேடுகிற வேலையே இல்லாதபோது கோடு எங்கிருந்து வரும்? வள்ளத்தில் கட்டியிருக்கும் கயிறு, ஆள் கையில் பிடித்திருக்கும் துடுப்பு, இந்த மாதிரி மெல்லிய சமாச்சாரங்களை ஏஐ எப்படியும் பாதி விட்டுவிடும், பாதி தின்றுவிடும். கிரேடியண்டுக்கு அந்தத் தொல்லையே கிடையாது.

பாறையைத் தூக்குகிற மாஸ்க்கில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே மாஸ்க் விளிம்புக்கு உள்ளேயே, ஒரு நாலைந்து பிக்சல் முன்னாலேயே நின்றுவிடட்டும். பிரஷ்ஷால் பாறையின் நடுவயிற்றை மட்டும் தடவி, ஃபெதரைக் (மாஸ்க் விளிம்பின் மென்மையைக்) கூட்டி, லூமினன்ஸ் ரேஞ்சில் மேல் பாதியைக் கழித்துவிடுங்கள். விளிம்பு கறுப்பாகவே இருந்தால் பாறைக்குக் கனம் வரும்.

ஆனால் எல்லா வெளிச்சக் கோடும் பிழை இல்லை. சூரியன் உங்கள் படத்தில் வலது பக்கம் இருக்கிறது. பாறையின் வலது விளிம்பில், அதுவும் ஈரம் பட்ட இடத்தில், ஆரஞ்சாக ஒரு மெல்லிய கோடு இருந்தால் அது நிஜமான வெளிச்சம், அதைத் துடைத்துவிடாதீர்கள். பாறையின் உச்சியைச் சுற்றி இடது பக்கம் வரைக்கும் ஒரே தடிமனில் வெளுத்து ஓடுவதுதான் மாஸ்க் போட்ட கோடு. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரும், பிழை எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும்.

இதை நான் பெரிய ஆள் மாதிரி சொல்கிறேன், நானும் ஏமாந்தவன்தான். ஒரு அந்திப் படத்தை 12×18 பிரிண்ட் போட்டு, ஃபிரேம் செய்து, ஹாலில் மாட்டிய பிறகுதான் மலை விளிம்பு முழுக்க வெள்ளை ஜரிகை ஓடுவதைப் பார்த்தேன். மாஸ்க் போடும்போது ஏன் தெரியவில்லை? லைட்ரூம் மாஸ்க்கைச் சிவப்பு நிறத்தில் காட்டும். சிவந்த வானத்தில் சிவப்பு மாஸ்க் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று யாருக்குத் தெரியும்? ஓ எழுத்தை அமுக்கினால் ஓவர்லே வரும், ஷிஃப்ட்டோடு சேர்த்து ஓ அமுக்கினால் அதன் நிறம் மாறும். அந்திப் படங்களுக்குப் பச்சையை வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, ஓவர்லே வகையில் கறுப்பின் மேல் வெள்ளை என்று இருப்பதைத் தேர்ந்தெடுப்பது. படமே மறைந்து மாஸ்க் மட்டும் தெரியும், ஓட்டை உடைசல் எல்லாம் பல்லை இளிக்கும். டார்க்டேபிளில் ஓவர்லே மஞ்சளாக வரும், அதுவும் இந்த மாதிரிப் படத்துக்கு உதவாத நிறம்தான், மாற்றிக்கொள்ளுங்கள்.

சூரியனுக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு. சென்சாரில் விழும் சூரியனின் குறுக்களவு, லென்ஸின் குவிய நீளத்தை ஏறக்குறைய 109ஆல் வகுத்தால் வரும். 55 மில்லிமீட்டர் என்றால் அரை மில்லிமீட்டர். உங்கள் சென்சாரில் அது சுமார் 130 பிக்சல். 3000 பிக்சல் அகலப் படத்தில் 130 பிக்சல் வட்டம், அதுவும் சென்சார் நிரம்பி வழிந்த வட்டம். அதற்குள் விவரம் எதுவும் இல்லை. ஹைலைட்டை (மிக வெளிச்சமான பகுதிக்கான ஸ்லைடரை) மைனஸ் 100க்குத் தள்ளினால் இல்லாத விவரம் வந்துவிடாது, வெள்ளை சாம்பலாக மாறும், அவ்வளவுதான். சாம்பல் என்பது வெளிச்சம் இல்லாத பொருளின் நிறம். படத்திலேயே வெளிச்சமான பொருள் சாம்பலாக இருந்தால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். சூரியன் வெள்ளையாகவே இருக்கட்டும். வானத்துக்குப் போட்ட கிரேடியண்ட்டிலிருந்து சூரியனைச் சுற்றி ஒரு ரேடியலை (வட்ட வடிவ மாஸ்க்கை) சப்ட்ராக்ட் செய்து கழித்துவிடுங்கள், ஃபெதர் முழுக்க, வட்டம் சூரியனைப்போல் ஐந்தாறு மடங்கு.

அதன் பக்கத்தில் மஞ்சளாக, விளிம்பு வெட்டின மாதிரி ஒரு வளையம் தெரிகிறதே, அது வேறு சங்கதி. அந்தி வெளிச்சத்தில் சிவப்புதான் அதிகம், அதனால் சென்சாரில் சிவப்பு சேனல் முதலில் நிரம்பிவிடுகிறது. சூரியனை நெருங்க நெருங்கப் பச்சை மட்டும் தொடர்ந்து ஏறும், சிவப்பு ஏற இடமில்லாமல் நிற்கும். ஆரஞ்சாக இருக்க வேண்டியது மஞ்சளாகத் திரியும். அங்கே போய் சாச்சுரேஷனைக் (நிற அடர்த்தியைக்) கூட்டினால் வளையம் இன்னும் கூர்மையாகும். சூரியனை மையமாக வைத்து ஒரு பெரிய ரேடியல் மாஸ்க், படத்தின் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு. அதில் சாச்சுரேஷன் மைனஸ் 10, டீஹேஸ் (மூட்டத்தை நீக்கும் ஸ்லைடர், மைனஸில் மூட்டம் கூடும்) மைனஸ் 8 அல்லது 10, டெம்பரேச்சர் பிளஸ் 8. வளையம் பனியில் கரைந்த மாதிரி கரையும். நிறம் சூரியனுக்குப் பக்கத்தில் வெளிறி, விலக விலக அடர்த்தியாக வேண்டும். கண்ணால் பார்க்கும்போதும் அப்படித்தானே இருக்கிறது? பெரும்பாலான அந்திப் படங்களில் இது தலைகீழாக, சூரியனைச் சுற்றி அடர் ஆரஞ்சும் தள்ளிப் போகப்போக வெளிறியும் கிடக்கிறது.

இந்த ரேடியல் வட்டத்தின் வலது பாதி உங்கள் க்ராப்புக்கு வெளியே போகும். போகட்டும். சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று வட்டத்தைச் சுருக்கினால், வெளிச்சம் சட்டத்தின் விளிம்பில் வந்து முட்டி நிற்பது போல் தெரியும். வைப்பது கஷ்டமாக இருந்தால் க்ராப்பை ஒரு நிமிடம் ரீசெட் செய்து, முழுப் படத்தில் வட்டத்தை வைத்துவிட்டு, மறுபடி க்ராப் செய்துகொள்ளுங்கள். சூரியனையே வெளியே வெட்டிவிட்ட படமாக இருந்தாலும் இதே முறைதான். ஆள் வெளியே நின்றாலும் வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது.

இதே காரணத்துக்காக விக்னெட்டை எடுத்துவிடுங்கள். நீங்கள் மைனஸ் 25 வைத்திருக்கிறீர்கள். எஃபெக்ட்ஸ் பகுதியில் உள்ள விக்னெட் க்ராப் செய்த சட்டத்துக்கு நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருட்டைப் பூசும். உங்கள் சூரியன் வலது ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. படத்திலேயே வெளிச்சம் அதிகமாக இருக்க வேண்டிய ஓரத்தை நீங்களே கறுப்பாக்கியிருக்கிறீர்கள். ஓரம் கறுக்க வேண்டுமானால் இடது மேல் மூலையிலிருந்து, சூரியனுக்கு எதிர்த்திசையிலிருந்து, ஒரு மெல்லிய கிரேடியண்ட் சாய்வாக இழுங்கள், மைனஸ் 0.3. அது வெளிச்சம் தேய்கிற திசை.

எனக்கு இந்தப் பழக்கம் டார்க் ரூமில் வந்தது. நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளாக இருந்தபோது, என்லார்ஜர் (நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக விழச் செய்யும் கருவி) வெளிச்சத்துக்குக் குறுக்கே கம்பியில் ஒட்டிய அட்டைத் துண்டைப் பிடித்து முகத்தை வெளிறச் செய்வோம், கையைக் குவித்து வானத்தைக் கறுக்கச் செய்வோம். அட்டையை ஒரு வினாடிகூட அசையாமல் பிடித்தால் முதலாளி மணிக்கட்டில் தட்டுவார். அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேப்பரில் அட்டையின் ஓரம் கோடாக விழுந்துவிடும். இன்றைக்கு ஃபெதர் என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது, கை வலி மிச்சம்.

பாறையை எவ்வளவு தூக்கலாம் என்பதற்கு க்ராப் ஒரு வரம்பு போட்டுவிட்டது. நீளத்திலும் உயரத்திலும் பாதி என்றால் பரப்பில் கால்வாசி. சென்சார் பிடித்த வெளிச்சத்தில் கால்வாசியை வைத்துத்தான் இப்போது முழுப் படம் காட்டுகிறீர்கள். ஒரே அளவு பிரிண்டில் பார்த்தால் நாய்ஸ் (மணல் தூவின மாதிரித் தெரியும் புள்ளிகள்) இரண்டு ஸ்டாப் கூடின மாதிரி தெரியும், அதாவது ஐஎஸ்ஓ 200 படம் ஐஎஸ்ஓ 800 மாதிரி நடந்துகொள்ளும். அதற்கு மேல் பாறையை ஒன்றரை ஸ்டாப் தூக்கினால் பாறையில் கம்பளிப் பூச்சி ஊரும். அரை ஸ்டாப்போடு நிறுத்துங்கள், அந்த மாஸ்க்குக்குள்ளேயே நாய்ஸ் ஸ்லைடரை 20, 25க்கு ஏற்றுங்கள். டெம்பரேச்சரைத் தொடாதீர்கள். சூரியன் பின்னால் இருக்கும்போது நம் பக்கம் தெரியும் பாறையின் முகத்தில் விழுவது எதிர்ப்பக்க வானத்தின் நீல வெளிச்சம், அது குளிர்ந்த நிறத்தில்தான் இருக்கும். அந்தி என்பதால் எல்லாமே ஆரஞ்சாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்று மாஸ்க்கும் இப்போது ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, சாச்சுரேஷனை மைனஸ் 100க்கு இறக்கிக் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். நிறம் பல பொய்களை மறைக்கும். நிறம் போனதும் அடிவானத்தில் மேலும் கீழும் வெளிச்சம் பொருந்துகிறதா, கிரேடியண்ட் முடிகிற இடம் படியாகத் தெரிகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். அப்புறம் விரல்நகம் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள், பெரிய குற்றம் சின்னப் படத்தில்தான் தெரியும். கயிற்றையும் பாறை விளிம்பையும் மட்டும் 200 சதவீதத்தில்.

லைட்ரூமுக்குப் பணம் கட்ட முடியாதவர்களுக்கு இரண்டு வரி. டார்க்டேபிள் இலவசம். அதில் வரைந்த மாஸ்க்கையும் வெளிச்ச அளவை வைத்துப் பிடிக்கும் பாராமெட்ரிக் மாஸ்க்கையும் ஒன்றாகச் சேர்த்தால் மேலே சொன்ன இன்டர்செக்ட் வேலை நடக்கும். கற்றுக்கொள்ள ஒரு மாதம் பொறுமை வேண்டும். ஃபோனில் ஸ்னாப்சீட் போதும், அதன் செலக்டிவ் புள்ளியை வைத்தால் அந்த வட்டத்துக்குள் அதே நிறத்தில் உள்ளதை மட்டும் பிடித்துக்கொள்ளும், கயிறு கொம்புக்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது நிற வகை எஸ்ஆர்ஜிபி, குவாலிட்டி 90க்குக் குறையாமல். ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். நீளமான கிரேடியண்ட் உள்ள வானம் அதில் பட்டை பட்டையாகப் பிரியலாம். பிரிந்தால் கிரெய்ன் (ஃபிலிம் மாதிரியான பொடிப் புள்ளிகள்) 10, 12 சேருங்கள், பட்டை உடைந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது எப்படியும் இன்னும் நசுக்கும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

கடைசியாக 12×18. போடலாம். 3000×2000 பிக்சலை 18 இன்ச்சுக்கு விரித்தால் இன்ச்சுக்கு 167 பிக்சல் வரும். கையில் வைத்துப் பார்க்கிற ஆல்பத்துக்குக் கேட்கிற 300 இது இல்லை, ஆனால் சுவரில் மாட்டி நான்கடி தள்ளி நின்று பார்ப்பதற்குத் தாராளம். நேராகப் பெரிய பிரிண்டுக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள். முடித்த படத்தில் பாறை விளிம்பும் அடிவானமும் சேர்ந்து வருகிற இடத்தில் 1000×667 பிக்சல் துண்டு ஒன்றை வெட்டி, அதை லேபில் சாதாரண 4×6 பிரிண்ட்டாகப் போடச் சொல்லுங்கள். 12×18இல் அந்த இடம் எந்த அளவில் வருமோ அதே அளவில் கைக்கு வரும். வெயில் படாத ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். விளிம்பில் கோடு இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.